எடை கூடினால் மலை ஏறாது. குறைந்தால் எலும்பு தாங்காது!

சைக்கிள் பந்தய வீரர்களைப் பாடாய்ப் படுத்தும் தராசு

சைக்கிள் பந்தயத்தில் ஜெயிக்க எத்தனை கிலோ இருக்க வேண்டும்?

ஒல்லிப்பிச்சானாக இருக்க வேண்டுமா? ஆஜானுபாகுவாக இருக்க வேண்டுமா?

இரண்டு ரகமும் ஜெயித்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை!

உலகிலேயே பெரிய சைக்கிள் பந்தயம், பிரான்ஸ் நாட்டின் "டூர் டி பிரான்ஸ்". மூன்று வாரத்தில் 3 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும்.

1991 முதல் 1995 வரை தொடர்ந்து 5 தடவை இதில் பட்டம் பெற்றவர் ஸ்பெயின் வீரர் மிகுவேல் இந்துராயின். உயரம் 6 அடி 2 அங்குலம். எடை சுமார் 80 கிலோ.

2022, 2023 இரண்டு வருடமும் அதே பட்டத்தைத் தட்டிச் சென்றவர் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகார்ட். எடை சுமார் 60 கிலோதான். 20 கிலோ வித்தியாசம்!

மேட்டில் ஒரு கணக்கு

கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு மேடு ஏறியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஏற்றத்தில் பலமெல்லாம் எடையைத் தூக்கவே போய்விடும்.

ஆல்ப்ஸ் மலையில் "ஆல்ப் துவெஸ்" என்று ஒரு ஏற்றம். ஏறக்குறைய 14 கிலோமீட்டர். 21 கொண்டை ஊசி வளைவுகள். இதை 40 நிமிடத்தில் ஏறும் வீரருக்கு, பலம் குறையாமல் ஒரு கிலோ எடை மட்டும் குறைந்தால், கிட்டத்தட்ட அரை நிமிடம் மிச்சம்!

அரை நிமிடம் பெரிய விஷயமா என்கிறீர்களா?

1989-ல் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், பிரான்சின் லோரான் ஃபின்யோனை முந்திப் பட்டம் வாங்கியது வெறும் 8 வினாடி வித்தியாசத்தில்!

சைக்கிளின் எடையைக் குறைக்கலாமே என்றால், அது 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று விதி இருக்கிறது. மீதி இருப்பது உடம்பு மட்டும்தான்!

சமதரையில் கதை வேறு

சமதரையில் எடை அவ்வளவாக இடிக்காது. அங்கே எதிரி காற்று. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போனால், பலத்தில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகும்.

ஆள் பெருத்தால் பலமும் பெருகும். ஆனால் காற்று மோதுகிற பரப்பு அந்த அளவுக்குப் பெருகாது. அதனால் பெரிய ஆளுக்கே லாபம்.

1992-ல் லக்சம்பர்க்கில் ஒவ்வொருவரும் தனியாக ஓட்டும் 65 கிலோமீட்டர் சுற்று. இரண்டாவதாக வந்தவரை இந்துராயின் 3 நிமிடம் பின்னால் தள்ளினார்!

கருங்கல் பாவிய ரோட்டில் ஓடும் "பாரிஸ்-ரூபே" பந்தயத்தை 4 தடவை ஜெயித்த பெல்ஜியம் வீரர் டாம் பூனனும் 80 கிலோவைத் தாண்டியவர்தான்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் ஸ்லோவேனியாவின் போகாச்சர். எடை சுமார் 66 கிலோ. 2020, 2021, 2024, 2025 என்று நாலு தடவை டூர் பட்டம்!

பட்டினியின் விலை

மலையில் ஓட்டும் நாளில் 5 ஆயிரம் கலோரிக்கு மேல் எரியும். வயிற்றைக் காயப்போட்டு இதைச் செய்தால் முதலில் கொழுப்பு போகும். பிறகு தசை போகும். கடைசியில் எலும்பு மெலியும். பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுவிடும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தக் கோளாறுக்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது.

அமெரிக்க வீராங்கனை மாரா அபாட் 2010-ல் இத்தாலியின் பெரிய பந்தயத்தை ஜெயித்தார். பிறகு சாப்பாட்டை ஒதுக்கும் நோய் பிடித்துக்கொள்ள, பந்தயத்தையே விட்டு விலகினார். உடம்பு தேறித் திரும்பி வந்து, 2013-ல் அதே பட்டத்தை மறுபடி வென்றார்!

2025-ல் பெண்கள் டூர் பட்டம் வென்ற பிரான்சின் பாலின் ஃபெராண்ட்-பிரேவோ, அதற்காக 4 கிலோ குறைத்தார். இது முழு ஆரோக்கியமான எடை அல்ல, வருடம் பூராவும் இப்படி இருக்க முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் டெமி வோலரிங்கோ, தன் உடம்பு வாகு அப்படியல்ல, ரொம்ப ஒல்லியாகத் தனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆக, எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே எடை என்று எதுவும் கிடையாது. மலைக்கு ஒரு உடம்பு, சமதரைக்கு ஒரு உடம்பு. பந்தயத்துக்குத் தயாராகிற பிள்ளைகளே, தராசைப் பார்த்துச் சோற்றைத் தள்ளி வைக்கும் முன்னால் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள்!