மன்னரை உருக்கிய மங்கையர்

ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் வீடுகளில் புதிதாக வந்த மருமகள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலில் கீரைக்காரியோடு பேரம் பேசப் போகக் கூடாது! திரும்பி வந்து பார்த்தால் சொம்பு இருக்காது. அடுப்பில் வெள்ளி மாதிரி ஒரு குட்டை பளபளத்துக் கொண்டிருக்கும். அப்புறம் மாமியாருக்கு யார் பதில் சொல்வது?

அந்தச் சொம்பு வெள்ளீயம். 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். பெயரில் அதற்குப் பங்காளியான காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். இரும்பை உருக்கப் பெரிய உலைக்களம் தேவை. காரீயத்துக்கோ நல்ல விறகடுப்பே போதும். அதனால்தான் ஒரு காலத்தில் துப்பாக்கிக் குண்டு வார்ப்பது வீட்டு வேலையாகவே இருந்தது. அமெரிக்காவில் ஒரு வீட்டுப் பெண்கள் இப்படித் தங்கள் மன்னரையே உருக்கிக் குண்டு வார்த்துவிட்டார்கள்! பயந்துவிடாதீர்கள், மன்னரின் சிலையைத்தான் சொல்கிறேன்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் குதிரைமேல் வீற்றிருக்கும் அந்தச் சிலை, 1770-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பௌலிங் கிரீன் என்ற இடத்தில் நிறுவப்பட்டது. உள்ளே காரீயம், மேலே தங்க முலாம். வேடிக்கை என்னவென்றால், அதை வைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்களேதான். ஜனங்கள் வெறுத்த முத்திரை வரி 1766-இல் ரத்தானதல்லவா? அந்த நன்றிக்கு அடையாளமாம்! நன்றி ஆறு வருஷம்கூட நிற்கவில்லை. 1776 ஜூலை 9-ஆம் தேதி மாலை சுதந்திரப் பிரகடனத்தை வாஷிங்டனின் படைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். கேட்ட சூட்டோடு சிப்பாய்களும் பொதுஜனங்களும் போய்ச் சிலையைக் கயிறு கட்டிக் கீழே இழுத்துவிட்டார்கள். ஆவேசம் சரி, அமளி சரியல்ல என்று மறுநாள் வாஷிங்டன் கண்டித்தார். விழுந்த மன்னர் விழுந்தவர்தான்.

வெட்டிய துண்டுகள் கப்பலில் நார்வாக் துறைமுகம் வரை போயின. அங்கிருந்து மாட்டு வண்டிகளில் கனெக்டிகட் மாகாணத்தின் மலைப்பாங்கான லிட்ச்ஃபீல்டு என்னும் ஊருக்கு. அங்கேதான் ஆலிவர் வால்காட்டின் வீடு இருந்தது. பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் ஒருவர் அவர். உள்ளூர்ப் படையின் தளபதியும்கூட. வீட்டு ஆப்பிள் தோட்டத்தில் ஒரு கொட்டகை போடப்பட்டது. தளபதி விறகுக் கோடரியால் மன்னரைத் துண்டு துண்டாகப் பிளந்தார் என்பது அவருடைய இளைய பிள்ளை சொல்லிவைத்த செய்தி. பிளந்ததோடு ஆண்பிள்ளை வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

குண்டு வார்க்கும் அச்சைப் பார்த்தால் உங்களுக்குப் பாக்குவெட்டி ஞாபகம் வரும். இரண்டு கைப்பிடி, நுனியில் சேர்ந்து மூடும் இரண்டு பாதி, மூடினால் உள்ளே உருண்டையாக ஒரு குழி. உருகிய காரீயத்தை இரும்புக் கரண்டியால் மொண்டு மேல் துளை வழியாக ஊற்றி, இறுகியதும் திறந்தால் குண்டு விழும். அதன் தலையில் ஒட்டியிருக்கும் காம்பை நறுக்கிவிட வேண்டும். அச்சு சூடேறுவதற்கு முன் ஊற்றினால் குண்டு சுருக்கம் விழுந்து வரும். முதல் தோசையின் கதைதான்! ஆனால் முதல் தோசையைக் காக்கைக்குப் போடலாம். இது திரும்பப் பாத்திரத்துக்கே போகும். காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டு ஜலம் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா? உருகிய காரீயத்தில் விழுந்தால் அதைவிடப் பல மடங்கு கோரம். முகத்திலேயே தெறிக்கும்.

அளவும் முக்கியம். வளையல் மாதிரிதான், இறுகினால் ஏறாது, தளர்ந்தால் நிற்காது. பிரிட்டிஷ் துப்பாக்கிக் குழலின் விட்டம் சுமார் முக்கால் அங்குலம். குண்டோ அதைவிடச் சற்றுச் சிறியதாக, 0.69 அங்குலம் அளவில் இருக்கும். நாலைந்து தடவை சுட்டதும் குழலுக்குள் மருந்துக் கரி படிந்துவிடும். அப்போதும் குண்டு தடையில்லாமல் இறங்க வேண்டுமே!

வார்த்ததோடு வேலை தீரவில்லை. காகிதத்தை ஒரு மரக்குச்சியில் சுற்றி, நுனியில் குண்டை வைத்து நூலால் கட்டி, வெடிமருந்தை அளந்து கொட்டி, வாயைத் திருகி மடித்தால்தான் ஒரு தோட்டா. சிப்பாய் அதைப் பல்லால் கடித்துத் திறப்பான். 1857-இல் நம் சிப்பாய்கள் கடிக்க மறுத்தார்களே, அந்தத் தோட்டாவுக்கு இது மூத்த தலைமுறை.

வால்காட் குடும்பத்துக் காகிதங்களிடையே ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. யார் யார் எத்தனை தோட்டா செய்தார்கள் என்ற கணக்கு. பால் கணக்கு, வண்ணான் கணக்கு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் படிக்கப் படிக்க உடம்பு சிலிர்க்கிறது. ரூத் மார்வின் 11,592. தளபதியின் மகள் மேரி ஆன் 10,790. மூத்த மகள் லாரா 8,378. திருமதி மார்வின் 6,058. திருமதி பீச் 1,802. மற்றவர்கள் சேர்ந்து 2,182. தளபதியின் பிள்ளை பிரடெரிக் 936. இவற்றுடன், ஆபத்து என்று செய்தி வந்தபோது உள்ளூர்ப் படைக்குக் கொடுத்த 50, வேறொரு ரெஜிமெண்டுக்குக் கொடுத்த 300. ஆக மொத்தம் 42,088!

தளபதியின் பெயரில் ஒன்றுகூட இல்லை.

பிரடெரிக் 936-தானா என்று சிரிக்காதீர்கள். அந்தக் கோடையில் அவனுக்கு வயது 8. பத்தாயிரத்துக்கு மேல் செய்த மேரி ஆனுக்கு 11, லாராவுக்கு 14. தோட்டாக்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டியிருக்கிறார்கள். ரூத் செய்ததில் மட்டும் 449 கட்டு இன்னும் அனுப்பவில்லை என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. ஒரு குண்டு ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 1,200 கிலோ காரீயம். அத்தனையும் அந்தக் கைகள் வழியாகப் போயிருக்கிறது.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது. காரீயம் நஞ்சு. குழந்தைகளின் இரத்தத்தில் அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் கெடுதல்தான் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. அந்தக் கொட்டகையில் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். பெற்றவளாயிருந்தால் உங்களுக்கும் மனம் பதறும். இன்னொன்றையும் பாருங்கள். சிறுமிகளுக்குப் பெயர் இருக்கிறது. திருமதி மார்வினுக்கும் திருமதி பீச்சுக்கும் சொந்தப் பெயரே இல்லை! இருவரும் சேர்ந்து 7,860 தோட்டா செய்தவர்கள்.

மன்னரின் தலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை ராஜ விசுவாசிகள் மீட்டு, இங்கிலாந்துக்கே அனுப்பிவிட்டார்கள். உடம்பும் முழுசாக லிட்ச்ஃபீல்டு போய்ச் சேரவில்லை. வழியில் வில்டன் என்ற ஊரில் சில துண்டுகள் எப்படியோ தங்கிவிட்டன. 1871-இல் அங்கே குதிரையின் வால் மண்ணிலிருந்து கிடைத்து, நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. கனமான வால்தான். அது மட்டும் வண்டியிலிருந்து நழுவாமல் இருந்திருந்தால், ரூத்தின் கணக்கில் இன்னும் சில நூறு கூடியிருக்கும்.