நிமிடத்துக்கு 20 சொட்டு

மின் சிகரெட் நல்லதா கெட்டதா என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. அதன் தொட்டியில் திரவம் ஊற்றும் அந்த ஒரு நிமிடம் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை.

பார்வைக்குக் கண் மருந்துக் குப்பி மாதிரிதான் இருக்கிறது. மெல்லிய மூக்கு, அழுத்திக்கொண்டே திருகினால் மட்டும் திறக்கும் மூடி, லேபிளில் ஓர் எச்சரிக்கை. உள்ளே 10 மி.லி. திரவம், மாம்பழமோ புதினாவோ மணக்க. இந்தக் குப்பி எப்படிச் சொட்ட வேண்டும் என்பதற்குக்கூட ஐரோப்பிய யூனியன் 2016இல் விதி எழுதியது. மூக்கு குறைந்தது 9 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்தால், யாரும் பிதுக்காமல் தானாக விழுவது நிமிடத்துக்கு 20 சொட்டைத் தாண்டக்கூடாது. சோதனை நடக்கும் அறையின் வெப்பநிலை எத்தனை டிகிரி என்பதையும் விட்டுவைக்கவில்லை.

அதிகாரிகளின் அதிகப்பிரசங்கித்தனம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் கணக்கு சிரிக்கும்படி இல்லை. ஐரோப்பாவில் அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு மி.லிட்டருக்கு 20 மி.கி. நிகோடின். ஆக, ஒரு குப்பியில் 200 மி.கி. பெரியவர் ஒருவரைக் கொல்ல 60 மி.கி. போதும் என்று பாடப்புத்தகங்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தன. ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ன்ட் மேயர் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய், 19ஆம் நூற்றாண்டின் சந்தேகத்துக்குரிய சில பரிசோதனைகளில் முட்டி நின்றார். உண்மையான அளவு அரை கிராமுக்கும் மேல் என்பது 2014இல் வெளியான அவரது கட்டுரையின் முடிவு. பெரியவர்களுக்கு இது ஆறுதல். தவழும் குழந்தைக்கு அல்ல. 2014 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை திரவ நிகோடினை விழுங்கி இறந்தது. குழந்தைகளால் திறக்க முடியாத மூடியைக் கட்டாயமாக்கும் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டது 2016 ஜனவரியில்.

விழுங்கத்தான் வேண்டும் என்பதில்லை. நிகோடின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். இதை இந்தியாவுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குஜராத்தில் ஈரமான புகையிலை இலைகளைப் பறித்துச் சுமக்கும் தொழிலாளர்களுக்கு வரும் தலைசுற்றலையும் வாந்தியையும் ஆமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறது. பச்சைப் புகையிலை நோய் என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டு விவசாயி புகையிலையை ஊறவைத்து, அந்தக் கஷாயத்தை அசுவினிப் பூச்சி மீது தெளிப்பதும் இதே ரசாயனத்தை நம்பித்தான். மின் சிகரெட்டின் தொட்டியை நிரப்புகிறவர் விரலில் வழியவிடுவது அதன் சுத்திகரிக்கப்பட்ட வடிவம்.

இந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பிரிட்டனில் இப்போது ஏராளம். புகை எதிர்ப்பு அமைப்பான 'ஆஷ்' 2024இல் எடுத்த கணக்குப்படி அங்கே மின் சிகரெட் பிடிக்கும் பெரியவர்கள் சுமார் 56 லட்சம். சிகரெட்டை விட இது கெடுதல் குறைவு, ஆனால் கெடுதலே இல்லாதது அல்ல என்பது பிரிட்டிஷ் சுகாதாரத் துறையின் நிலை. 10 லட்சம் புகைப்பவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கும் திட்டத்தை அரசு 2023 ஏப்ரலில் அறிவித்தது. ஆனால் இளைஞர்கள் விரும்பி வாங்கியது உறிஞ்சி முடித்ததும் வீசிவிடும் வகை. வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் குப்பைக்குப் போவதாக 2023இல் ஒரு மதிப்பீடு சொன்னது – ஒவ்வொன்றுடனும் ஒரு லித்தியம் பேட்டரியும். 2025 ஜூன் 1 முதல் அந்த வகையை விற்பதற்கு பிரிட்டன் தடை போட்டது. இனி மின்னேற்றவும் திரவம் நிரப்பவும் முடிகிற சாதனங்களைத்தான் விற்கலாம். குப்பைப் பிரச்சினை குறையும். ஆனால் இதுவரை உறையைப் பிரித்து உறிஞ்சுவது தவிர வேறெதுவும் செய்திராதவர் கையில் குப்பியும் தொட்டியும் வந்துவிட்டன.

சூத்திரம் எளிது. 2003இல் இன்றைய வடிவத்துக்கு வழிகாட்டிய ஹோன் லிக் சீனாவின் மருந்தாளுநர். தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தொட்டி என்பது கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் உருளை. ஐரோப்பிய, பிரிட்டிஷ் விதிப்படி அதன் கொள்ளளவு 2 மி.லி. – அரை டீஸ்பூனுக்கும் குறைவு. நடுவே ஓர் உலோகக் குழாய். அதன் அடியில் காயில் எனப்படும் கம்பிச் சுருள், சுற்றிலும் பஞ்சு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலப் பஞ்சு திரவத்தை உறிஞ்ச, பேட்டரி கம்பியைச் சூடேற்ற, திரவம் ஆவியாகிறது. புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைப் பொருள், நிகோடின் – திரவத்தில் இருப்பது இவ்வளவுதான். எரிவது எதுவும் இல்லை. எரியக்கூடாது என்பதுதான் பராமரிப்பின் சாரமே.

தவறுகள் தொடங்கும் இடம் அந்த நடுக்குழாய். ஆவி மேலே வரும் வழி அது. மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் பெரிய துளையும் அதுதான். அவசரக்காரர் அதற்குள் ஊற்றிவிடுகிறார். பஞ்சு மூழ்கி, அடியில் உள்ள காற்றுத் துளை வழியே திரவம் ஒழுகி, பேட்டரியின் இணைப்பை நனைக்கிறது. அல்லது அடுத்த இழுப்பில் சூடான துளிகளாக வாய்க்கு வருகிறது. திரவத்துக்கான துளை ஓரத்தில் இருக்கும். சாதனத்தை அணைத்துவிட்டு, காற்றுத் துளையை மூடி, தொட்டியைச் சற்றுச் சாய்த்து, குப்பியின் மூக்கை உட்சுவரில் ஒட்டினாற்போல வைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விளிம்பு வரை நிரப்பக்கூடாது. மேலே எஞ்சும் சிறிதளவு காற்றுதான் திரவம் தானாக ஒழுகாமல் இழுத்துப் பிடிக்கிறது. விமானத்தில் ஏறினால் தொட்டி ஒழுகுவதும் இதே காரணத்தால்தான்: காபினில் அழுத்தம் குறைய, உள்ளிருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளுகிறது. விவரம் தெரிந்தவர்கள் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

அடுத்த சங்கதி பஞ்சு. புதிய காயில் மாட்டியதும் அதன் பஞ்சில் சில சொட்டு விட்டு, தொட்டியை நிரப்பி, ஐந்து பத்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும். உடனே இழுத்தால் காய்ந்த பஞ்சு கருகும். தொண்டையைப் பிடுங்கும் அந்த ஒரு இழுப்பில் சுவை மட்டும் கெடுவதில்லை. அளவுக்கு மீறிச் சூடாகும் கிளிசரின் சிதைந்து அக்ரோலினாக மாறுகிறது – கருகும் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழுந்து கண்ணைக் கரிக்கும் அதே பொருள். கூடவே ஃபார்மால்டிஹைடும் உண்டாகும். தொட்டியில் திரவம் அடிமட்டத்துக்குப் போன பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் இதே கதை. காயில் மீது அச்சிட்டிருக்கும் வாட் வரம்பை மீறினாலும் அப்படியே. கிளிசரின் அதிகமுள்ள கெட்டியான திரவத்தை, மெல்லிய திரவத்துக்கென்று செய்த சிறு காயிலில் ஊற்றினால் பஞ்சு அதை வேகமாக உறிஞ்ச முடியாமல் காய்கிறது. நீர்த்த திரவத்தைப் பெரிய துளையுள்ள காயிலில் ஊற்றினால் ஒழுகுகிறது. கருகிய வாசனை வந்தால் காயிலை மாற்ற வேண்டும், கழுவிப் பயனில்லை. இனிப்பு சேர்த்த திரவங்கள் கம்பியில் கருஞ்சர்க்கரை போல ஒட்டிக்கொள்வதால் சிலருக்கு ஒரு வாரத்திலேயே காயில் முடிந்துவிடும்.

தொட்டியைக் கழுவுவதில் பெரிய வித்தை கிடையாது. பிரித்து, வெதுவெதுப்பான நீரில் அலசி, முழுக்கக் காயவிட்டு மாட்டலாம். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். இலவங்கப்பட்டை, எலுமிச்சை வாசனைத் திரவங்கள் சில பிளாஸ்டிக் தொட்டிகளில் விரிசல் விழச் செய்கின்றன என்பது மட்டும் நினைவில் வைக்கத்தக்கது. அவற்றுக்குக் கண்ணாடிதான் சரி.

சட்டம் இத்தனை சொட்டு எண்ணியும் ஓட்டை இல்லாமல் இல்லை. 10 மி.லி. வரம்பு நிகோடின் கலந்த திரவத்துக்கு மட்டும். எனவே வியாபாரிகள் நிகோடின் இல்லாத 50 மி.லி. திரவத்தைப் பெரிய குப்பியில் கொஞ்சம் இடம் விட்டு விற்கிறார்கள். நிகோடினைத் தனியே 10 மி.லி. குப்பியில் தருகிறார்கள். வாங்குகிறவர் கலந்துகொள்ள வேண்டும். 18 மி.கி. நிகோடின் குப்பி ஒன்றை 50 மி.லிட்டரில் கலந்தால் மி.லிட்டருக்கு 3 மி.கி. என்று கணக்குச் சரியாக வரும். தப்பாகப் போட்டால் சொல்லித் திருத்த ஆளில்லை. மருந்துக் கடையில் கம்பவுண்டர் செய்த வேலையைச் சமையலறை மேஜையில் செய்கிறவருக்குக் கையுறை வேண்டும், பக்கத்தில் சாப்பாட்டுப் பொருள் கூடாது, மீதியைப் பூட்டி வைக்க வேண்டும். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, நனைந்த துணியை மாற்ற வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் வீட்டில் வாந்தி எடுக்க வைக்காமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கலப்பது இன்னொரு திசையில் போனபோது என்ன ஆயிற்று என்பதை அமெரிக்கா 2019இல் பார்த்தது. ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சு முட்டி மருத்துவமனைகளில் விழுந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டு 68 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலானோர் உறிஞ்சியது தெருவில் வாங்கிய கஞ்சாச் சத்துத் திரவம். அதைக் கெட்டியாகக் காட்டச் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணமாக அடையாளம் காணப்பட்டது. முகத்துக்குப் பூசும் கிரீமில் சாதுவாக இருக்கும் எண்ணெய் அது. நுரையீரலுக்கு எண்ணெயைச் செரிக்கத் தெரியாது. வாசனைக்காக எந்த எண்ணெயையும் தொட்டியில் விடக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

தொட்டிக்குக் கீழே இருக்கும் பேட்டரி தனிப் பஞ்சாயத்து. 2009 முதல் 2016 வரை அமெரிக்காவில் 195 தீ மற்றும் வெடிப்புச் சம்பவங்களை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. காயமடைந்தவர்கள் 133 பேர். மூன்றில் ஒரு பங்குச் சம்பவங்கள் நடந்தது சாதனமோ பேட்டரியோ பையில் சும்மா இருந்தபோது. கழற்றி மாட்டும் பேட்டரியின் உடல் முழுவதும் ஒரு முனை, தலை மட்டும் மறு முனை. இடையே இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை. அது கிழிந்த நிலையில் சாவிக்கொத்தோ சில்லறையோ உரசினால் போதும்.

இந்தியாவில் இந்தக் கேள்விகள் எதற்கும் அதிகாரபூர்வமாக இடமில்லை. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவையின் முடிவை நிர்மலா சீதாராமன் அறிவித்தார். முதலில் அவசரச் சட்டம், டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டம். உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. முதல் முறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் மூன்றாண்டு, 5 லட்சம். சரக்கைச் சேமித்து வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பிடிப்பதைச் சட்டம் குற்றமாகக் குறிப்பிடவில்லை. 2016-17இன் தேசிய ஆய்வு 26.7 கோடிப் பேர் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்ன நாட்டில் இளைஞர்களுக்கு இன்னொரு போதை வேண்டாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. சாதாரண சிகரெட்டும் பீடியும் பெட்டிக் கடையில் தொங்குவதைச் சுட்டிக்காட்டும் எதிர்வாதத்திலும்.

ஆனால் தடைக்குப் பிறகும் பெருநகரங்களில் கள்ளச் சரக்கு கைமாறுகிறது. சுங்க அதிகாரிகளும் போலீசாரும் அவ்வப்போது பெட்டி பெட்டியாகப் பிடிக்கிறார்கள். பிடிபடாததில் எத்தனை மி.கி. நிகோடின் என்பதை உறுதி செய்ய ஆளில்லை. மூடி குழந்தைகளுக்குத் திறக்காததா என்று சோதிக்கவும் யாரும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், புகையிலையிலிருந்து நிகோடினைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. லண்டன் கடையில் நிமிடத்துக்கு 20 சொட்டு என்று அடக்கி வைத்திருக்கும் குப்பியில் இருப்பது நம்மூர் வயலின் சாறாகவும் இருக்கலாம்.

நிகோடின் நஞ்சேறி வருகிறவர் விஷயத்தில் மருத்துவருக்கு உடனே தெரிய வேண்டியவை இரண்டு: எவ்வளவு உள்ளே போனது, அதன் வீரியம் எத்தனை மி.கி. இரண்டாவதற்கான பதில் லேபிளில் இருக்கும் – லேபிள் இருந்தால், அது உண்மையானதாக இருந்தால்.