எடப்பாடியைச் சுற்றி ஒரு நாள் உணவு உலா

விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியே செல்ல எண்ணுகிறீர்கள். ஏனைய ஏற்பாடுகளெல்லாம் எளிதில் முடிந்துவிடுகின்றன. "எங்கே சாப்பிடுவது?" என்ற கேள்வி மட்டும் கடைசிவரை தங்கிவிடுகிறது. ஹலாலா, அல்லவா என்ற ஐயம் வந்ததும், விடியற்காலையில் எழுந்து எல்லோருக்கும் சோறு கட்ட வேண்டிய பொறுப்பு வீட்டுத் தாய்மார்களின் தலையில் விழுகிறது. ஊர் முழுவதும் ஓய்வெடுக்கும் நாளில் அவர்களுக்கு மட்டும் ஓய்வில்லை. இது நியாயம்தானா?

எடப்பாடியைச் சுற்றியுள்ள ஊர்களின் சிறப்பு உணவுகளை நோக்கினால், இந்தச் சிக்கலுக்கு நல்லதொரு வழி புலப்படுகிறது. எந்த உணவில் ஐயத்திற்கு இடமில்லையோ அதிலிருந்து தொடங்குவோம். கேட்டறிந்து உண்ண வேண்டியவற்றைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் காவிரி மீன்

எடப்பாடியிலிருந்து சிறிது தொலைவில், காவிரிக் கரையில் இருக்கிறது பூலாம்பட்டி. கதவணையால் தேங்கி நிற்கும் அகன்ற நீர்ப்பரப்பும் தென்னை மரங்களும் சேர்ந்து இதற்குக் 'குட்டி கேரளா' என்ற செல்லப் பெயரைப் பெற்றுத் தந்துள்ளன. இங்கிருந்து விசைப்படகில் ஏறினால், அக்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டையை அடையலாம். ஆற்றின் மேற்புறத்தில் இருக்கிறது 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை. அணைப் பகுதிக் கடைகளில் மசாலா தடவி எண்ணெயில் பொரித்துத் தரும் மீனின் மணம், வழிப்போக்கர்களை நிறுத்திவிடும் வல்லமை உடையது. கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை முதலியவை இந்நீரில் கிடைக்கின்றன.

மீனுக்கு அறுப்பு தேவையில்லை என்பதை நாம் அறிவோம். நண்டு, இறால் ஆகியவற்றில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு பேசப்படுவதுண்டு. ஆற்று மீனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தானாகச் செத்து மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹபினர் உண்பதில்லை. வலையில் பிடிபட்ட புது மீனாகப் பார்த்து வாங்கினால் அந்தக் கவலையும் தீர்ந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மீன் பொரிக்கும் எண்ணெயிலேயே கோழியையும் பொரிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயாக இருந்தால், அது உடலுக்கும் தீங்கு.

சேலத்துத் தட்டுவடையும் நாமக்கல் முட்டையும்

சேலம் நகருக்குச் செல்வோர் தவறவிடக் கூடாதது தட்டுவடை செட். இரண்டு சிறு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம் ஆகியவற்றை வைத்து, காரச் சட்னியும் புதினா, கொத்தமல்லிச் சட்னியும் தடவித் தருவார்கள். தட்டுவடையை நொறுக்கிக் கலந்தால் அது 'நொறுக்கல்'. பெரிய உணவகத்தின் பளபளப்பு இதற்கு இல்லை. மாலையில் தெருவோரத் தள்ளுவண்டியில்தான் இதன் ருசி. விலையும் சிறிது; தறிக்கூலியில் வாழும் குடும்பமும் தயங்காமல் உண்ணலாம்.

1997ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த நாமக்கல், முட்டைக்குப் பெயர் பெற்றது. கொங்குப் பகுதி உணவகங்களில் கிடைக்கும் 'கலக்கி'யைச் சுவைத்திருப்பீர்கள். முட்டையை அரைவேக்காட்டில் சுருட்டி எடுத்துத் தருவார்கள். சில இடங்களில் இறைச்சிக் குழம்பைச் சேர்த்தே கலக்குவார்கள். ஆகவே குழம்பில்லாமல், வெங்காயமும் மிளகும் மட்டும் இட்டுத் தரச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழுதாக வெந்த முட்டையே நலம்.

கேட்டு உண்ண வேண்டியவை

பள்ளிபாளையம் சிக்கனின் புகழ் இன்று தமிழகமெங்கும் பரவியிருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் தந்த உணவு இது. மேச்சேரிச் செம்மறியாடோ தனி இனமாகவே அறியப்பட்டது. அதன் இறைச்சிக்கும் தோலுக்கும் நல்ல மதிப்புண்டு. இவை இரண்டிலும் அறுப்பு முறை குறித்த வினா எழுகிறது.

'மிலிட்டரி ஹோட்டல்' என்னும் பழைய பெயர்ப்பலகை, அசைவம் கிடைக்கும் என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. 'ஹலால்' என்ற எழுத்தும் தனியே போதாது. இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதே உண்மையான கேள்வி. முஸ்லிம்களின் கறிக்கடையில் வாங்கும் பிற சமயத்தாரின் உணவகங்களும் உண்டு. முஸ்லிம் பெயர் தாங்கிய கடையிலும் விசாரிப்பதில் தவறில்லை.

கேட்கும் முறையில்தான் நம் பண்பு வெளிப்படும். "ஏனுங்கண்ணா, கறி எங்கீங்க வாங்கறீங்க? அறுக்கறது யாருங்க?" என்று, கூட்டமில்லாத நேரத்தில் தணிந்த குரலில் கேளுங்கள். நெஞ்சில் நேர்மையுள்ள கடைக்காரர் இதை அவமதிப்பாக எண்ணமாட்டார். பதில் நிறைவளிக்காவிட்டால், முகம் சுளிக்காமல் சாதமும் ரசமும் வாங்கி உண்டு, நன்றி கூறிவிட்டு வாருங்கள். நாம் அண்டை அயலாரோடு சேர்ந்து வாழ்பவர்கள். உணவில் பேணுதல் வேண்டும். அது உறவை முறிக்கும் கத்தியாகிவிடக் கூடாது.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறக் கோழி வறுவலை விலக்குங்கள். செயற்கை நிறம் கலந்த கபாப் வகைகளுக்குக் கர்நாடக அரசு 2024இல் தடை விதித்தது. அதே ஆண்டு தமிழக அரசு, ரோடமின்-பி என்னும் சாயம் கண்டறியப்பட்ட பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. ஹலாலான உணவு தூயதாகவும் இருக்க வேண்டுமன்றோ? உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினான்கு இலக்க எண் கடையில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் நோக்குங்கள்.

வீட்டிலேயே பள்ளிபாளையம்

ஐயம் தீராதவர்கள் ருசியை இழக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்த கறிக்கடையில் கோழியை வாங்கிச் சிறு துண்டுகளாக்குங்கள். எண்ணெய் காய்ந்ததும் விதை நீக்கிய வரமிளகாயைத் தாராளமாகக் கிள்ளிப் போடுங்கள். நிறையச் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்து வதக்குங்கள். கோழி, மஞ்சள்தூள், உப்பு இட்டுச் சிறிது நீர் தெளித்து மூடி வேகவையுங்கள். நீர் வற்றியதும் பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காயைச் சேர்த்துச் சுருள வதக்கி இறக்குங்கள். மசாலாத்தூள் எதுவும் வேண்டாம். அதுவே இதன் இரகசியம்.

ஆடவர்களே! இந்தக் கறியைச் சமைக்கும் பொறுப்பை மாதம் ஒருமுறையேனும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றொரு நாளில், அஸர் தொழுகைக்குப் பின் குடும்பத்தோடு பூலாம்பட்டிக் கரைக்குச் செல்லுங்கள். ஆற்றங்காற்றில் அமர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, சூடான மீனைப் பகிர்ந்து உண்ணுங்கள். அன்று ஒரு வேளையாவது உங்கள் வீட்டு அடுப்பு அணைந்திருக்கட்டும்!