குட்டி குரைச்சா, சம்பளம் யாரு கொடுக்குறா?

"நாய் சின்னதுதான், சத்தம் மட்டும் ஏன் இவ்வளவு பெருசு?" இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

நான் இருக்கறது தேவனாம்பட்டினத்துல. எங்க வீட்டு ஸ்பிட்ஸ் குட்டிக்கு 4 மாசம். நம்ம ஊர்ல பொமேரியன்னு சொல்லி வளக்கறது பெரும்பாலும் இந்த இனம்தான். பக்கத்து வீட்டு அண்ணன் விடியறதுக்கு முன்னாடியே கடலுக்குப் போறவர். அவருக்குத் தூக்கமே மதியம்தான். அரைத் தூக்கத்துல படகு ஏறுறது ஆபத்து. அதனால "நாய்னா குரைக்கும்"னு இதை விட்டுட முடியாது.

குரைச்சா ஏதோ பலன் கிடைக்குது, அதனாலதான் அது தொடருது. மீன் விக்கிற அக்கா தெருவுல வர்றாங்க. குட்டி குரைக்குது. அவங்க பாட்டுக்கு அடுத்த தெருவுக்குப் போயிடறாங்க. குட்டியோட கணக்குல, "நான்தான் விரட்டினேன்!" தினமும் இப்படி ஒரு சம்பளம். நாம பதிலுக்குக் கத்தினா, நாமளும் கூடச் சேர்ந்து குரைக்கிற மாதிரிதான்.

1690-ல இங்க கோட்டையை வாங்கின இங்கிலீஷ்காரங்க, பீரங்கிக் குண்டு விழுற தூரம் வரைக்கும் எல்லை வச்சாங்க இல்லையா? குட்டிக்கு, கண்ணும் காதும் எட்டற வரைக்கும் எல்லை. அந்த எல்லையைச் சுருக்கறதுதான் முதல் வேலை.

ஒரு வாரம் லாக் எழுதுங்க: எத்தனை மணிக்கு, எதைப் பார்த்து, அடுத்து என்ன நடந்துச்சு. தெருவைப் பார்த்துத்தான் குரைக்குதுன்னா, கிரில் கேட்டோட கீழ்ப்பாதியைத் துணியால மறைங்க.

அடுத்து, சம்பளத்தை மாத்துங்க. தூரத்துல ஆள் தெரிஞ்சதும், குரைக்கறதுக்கு முன்னாடியே வேகவச்ச கோழித்துண்டு ஒண்ணு கொடுங்க. உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் வேண்டாம். கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம். ஆள் வந்தா நல்லது நடக்கும்னு அது கத்துக்கும்.

நம்ம கவனத்துக்காகக் குரைச்சா, முகத்தைத் திருப்பிக்கோங்க. 3 விநாடி அமைதியா இருந்ததும் பாராட்டுங்க. ஒரு எச்சரிக்கை: முதல் சில நாள் குரைப்பு கூடும். வழக்கமா கிடைச்ச சம்பளம் நின்னா, இன்னும் பலமாக் கேட்டுப் பாக்கறது இயல்பு. அப்போ விட்டுக்கொடுத்தா, "இன்னும் சத்தமாக் குரைச்சாத்தான் கிடைக்கும்"னு பாடம் ஆயிடும். வீட்டுல பாட்டி உட்பட எல்லாரும் ஒரே விதியைப் பிடிக்கணும்.

தனியா இருக்கப் பயந்து குரைக்கற குட்டியை இப்படிக் கண்டுக்காம விடக் கூடாது. 10 விநாடி வெளியே போய் வாங்க, பிறகு 30, பிறகு 1 நிமிஷம்னு கூட்டுங்க. மாசி மகத்துக்கு சாமிகள் எல்லாம் கடற்கரைக்கு வரும்போது கேக்கற மேளம், வெடிச் சத்தத்தையும் இதே மாதிரி பழக்கலாம். ரெக்கார்டிங்கை மெதுவா வச்சு, தீனி கொடுத்து, வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க.

ஷாக் காலர் வேண்டவே வேண்டாம். வேல்ஸ்ல 2010-லயே அதுக்குத் தடை போட்டுட்டாங்க. அது சத்தத்தை அடக்கும், பயத்தை அடக்காது. திடீர்னு குரைப்பு கூடினா வலி இருக்கலாம், முதல்ல கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. நல்லாத் தூங்க விடுங்க. குட்டிகள் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வரைக்கும் தூங்கும், தூக்கம் கெட்ட குட்டி எதுக்கெடுத்தாலும் குரைக்கும்.

குரைப்பை முழுசா நிறுத்தறது நோக்கம் இல்ல. ரெண்டு தடவை குரைச்சுட்டு நம்மளத் திரும்பிப் பார்த்தா, அதுவே வெற்றி. உடனே ஒரு துண்டு கொடுத்துடுங்க!