சுளகைச் சாய்க்காத கடல்

இலங்கையின் தென்கிழக்குக் கரையிலுள்ள நிந்தவூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "பாசிக்குடாவில் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பந்து விளையாடுகிறார்கள். அதே கடல் எங்கள் பக்கம் தென்னந்தோப்பைத் தின்கிறது. பாசிக்குடாவுக்கு மட்டும் என்ன மந்திரம்? அதை இங்கேயும் கட்ட முடியாதா?"

கடிதத்தோடு கணினியில் வரைந்த ஒரு கடற்கரைப் பூங்காவின் படமும் வந்திருக்கிறது. கல் பதித்த நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பங்கள், கையில் ஐஸ்கிரீமோடு ஒரு குடும்பம். இப்படிப்பட்ட படங்களில் கடல் எப்போதும் நீலமாக, அசையாமல் கிடக்கும். வாடை வீசும் மார்கழியில் கரைக்கு வந்து யாரும் இவற்றை வரைவதில்லை.

மந்திரத்தின் முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: முருகைக்கல். நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைந்துவிடும். ஆகவே ஆழமில்லாத முருகைக்கல் திட்டைப் பெரிய அலை முழுசாகத் தாண்டி வர முடியாது. உலகின் பல இடங்களில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய திட்டுகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைத் தின்றுவிடுவதாகக் கணக்கிட்டது. சராசரி என்ற சொல்லை அடிக்கோடிட்டு வாசியுங்கள். ஒவ்வொரு திட்டும் ஒவ்வொரு மாதிரி.

எனக்குப் பிடித்தது இரண்டாவது பாதி. அது அலை வளைகிற கதை.

கரையை நெருங்கிய அலையின் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கிறது. 9 மீற்றர் ஆழத்தில் மணிக்கு சுமார் 34 கிலோமீற்றர். 1 மீற்றர் ஆழத்தில் வெறும் 11. ஓட்டோவாகப் புறப்பட்ட அலை சைக்கிளாகக் கரைக்கு வருகிறது. சாய்வாக வரும் அலையின் ஒரு முனை ஆழமற்ற இடத்தை முதலில் தொட்டுத் தளரும், மறுமுனை பழைய வேகத்திலேயே ஓடும். அதனால் அலையின் கோடு மடங்கித் திரும்புகிறது. குடாவின் இருபுறமும் உள்ள நிலமுனைகளுக்கு நடுவே நுழையும் அலை இப்படி வளைந்து வளைந்து, பிறைபோன்ற கரைக்குத் தானும் பிறையாகவே வந்து சேர்கிறது. காற்று ஓய்ந்த காலையில் பாசிக்குடாவின் ஈரமணலில் நின்று பாருங்கள்: நுரைக்கோடு கரையின் வளைவை ஒட்டியே கிடக்கும். குடாவின் எந்தப் பக்கம் நின்றாலும் அலை ஏறக்குறைய நேராக உங்கள் காலுக்கே வரும்.

இந்தப் பிறையை வெட்டியதிலும் அலைக்கே பெரும்பங்கு. சாய்வாக அடித்த இடத்தில் மணல் நகர்ந்தது. மணல் நகர நகரக் கரையின் முகம் திரும்பியது. அலை நேராக விழத் தொடங்கியதும் மணலின் பயணம் நின்றது. தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு முடித்த வேலை அது. மேற்பார்வைக்கு ஒரு பொறியியலாளர்கூட இல்லை.

நிந்தவூர்க் கரை நீண்ட, திறந்த கரை. அங்கே அலை சாய்வாக ஏறுகிறது, நேராக இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் மணல் சற்றே பக்கவாட்டில் தள்ளப்படும். சுளகில் அரிசி புடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சுளகு மட்டமாக இருந்தால் அரிசி எழும்பி விழுந்த இடத்திலேயே ஆடும், அது பாசிக்குடா. சுளகைச் சற்றுச் சாய்த்தால் ஒவ்வொரு புடைப்பிலும் அரிசி ஒரு பக்கமாக நகரும். அது தென்கிழக்குக் கரை. தென்மேற்குக் கச்சான் காலத்தில் மணல் வடக்கே, வடகிழக்கு வாடையில் தெற்கே. ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்கே.

இப்போது அந்தச் சாய்ந்த சுளகின் நடுவில் ஒரு விரலை வையுங்கள். விரலுக்கு இந்தப் பக்கம் அரிசி குவியும், அந்தப் பக்கம் சுளகு வெறிச்சோடும். அந்த விரல்தான் நிந்தவூருக்குத் தெற்கே, டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு அணை. மணல் தெற்கே குவிந்தது, துறைமுக வாயிலையும் அடைத்தது. வடக்கே கடலரிப்பு. கருங்கல் கொட்டிய இடத்தில் கரை தப்பியது, ஆனால் அரிப்பு கல் முடிந்த இடத்திலிருந்து அடுத்த ஊரை நோக்கி நடந்தது. (புடைக்கும்போது சுளகில் விரல் வைத்தால் கையிலேயே அடி விழும் என்கிறார் என் அம்மா. உவமையை இத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், முடியுமா தெரியவில்லை.)

இந்த விரலுக்கு வரலாறும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1876இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியது. அணைக்குத் தெற்கே மெரினாவின் மணல் அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கரை கரைந்தது. ஒரு பக்கத்தார் சுண்டல் தின்று காற்று வாங்கினார்கள், மறுபக்கத்தார் வீடு இழந்தார்கள். பின்னர் புதுச்சேரியிலும் துறைமுக அணைக்குப் பிறகு இதே கதை. இலங்கையில் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இல் வந்தது. மணல் சட்டம் படிப்பதில்லை.

அப்படியானால் பாசிக்குடாவைக் கட்ட முடியாதா? ஓரளவு முடியும். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் நம்மவர் பலர் மாலையில் நடந்திருப்பார்கள். கடலை நிரப்பி எடுத்த அந்த நிலத்தின் ஓரத்தில், இடைவெளி விட்டுச் செயற்கை முனைகளை அமைத்தார்கள். முனைகளுக்கு நடுவே அலையே பிறைகளைச் செதுக்கிக்கொண்டது. ஆனால் அது தீவுகள் மறைக்கும் சாதுவான கடல். நிந்தவூருக்கு முன்னால் இருப்பது வங்காள விரிகுடா. அங்கே புதிய முனை என்றால் சுளகில் இன்னும் ஒரு விரல்.

விரலை எடுக்க மனமில்லையென்றால் ஒரே வழி, குவிந்த அரிசியை அள்ளி மறுபக்கம் போடுவது. அவுஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் அதைத்தான் செய்கிறார்கள்: தெற்கே சேரும் மணலை நீரோடு உறிஞ்சிக் குழாயில் வடக்கே அனுப்புகிறார்கள். பயன் உண்டு. ஆனால் அணை இருக்கும்வரை செலவும் இருக்கும். நாடா வெட்டித் திறக்கும் நாளில் இந்தக் கணக்கை யாரும் மேடையில் வாசிப்பதில்லை.

பாசிக்குடாவைப் பற்றியும் அளவுக்கு மீறி மயங்க வேண்டாம். முருகைக்கல்லும் வளைவும் காற்று எழுப்பும் அலைக்குத்தான் காவல். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி அந்தக் கரையை விட்டுவைக்கவில்லை. கடல் சூடேறினால் முருகைக்கல் வெளுத்துச் சாகும். படத்திலுள்ளதுபோன்ற நடைபாதைக்காக மணலில் இறங்கிக் கட்டும் சுவரோ அலையைத் திருப்பி எறிந்து, தன் காலடி மணலையே தோண்டும். நடைபாதை வேண்டுமானால் பின்னால் போடுங்கள். முன்னால் அடம்பன் கொடிக்கும் இராவணன் மீசைக்கும் இடம் விடுங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது ஒற்றுமைக்குச் சொன்னதாக இருக்கலாம். காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குவதும் அந்தக் கொடிதான்.

நிந்தவூர் வாசகருக்கு ஒரு வேலை. காற்றடங்கிய காலையில் அலை உடையும் இடத்தில் ஒரு தேங்காய் மட்டையை எறிந்துவிட்டு, பத்து நிமிடம் கரையோடு அதன் பின்னே நடங்கள். எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். கச்சானில் சில நாள், வாடையில் சில நாள். பிறகு பூங்காப் படத்தோடு யாராவது ஊருக்கு வந்தால், அந்தக் கொப்பியை மேசையில் வைத்து, எங்கள் மணல் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் விளக்குக் கம்பத்தைப் பற்றிப் பேசவேண்டாம்.