சீட்டு அவர் பேரில். சாவி யார் கையில்?

திருச்சிராப்பள்ளி ஜனங்களுக்கு அக்கரைச் சீமை புதிதல்ல. ஒரு காலத்தில் போட் மெயிலில் ஏறித் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலில் இலங்கை போனார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1964-ம் வருஷத்துப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. நாகப்பட்டினத்துக் கப்பலும் பிற்பாடு நின்று போயிற்று. இப்போது ஆகாய மார்க்கம்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கே.கே. நகரில், மாடியில் வடாம் உலர்த்திக் காவலிருக்கும் பாட்டிகூடத் தலைக்கு மேல் இரைச்சல் கேட்டால், "இது சிங்கப்பூர் விமானம், இது துபாய் விமானம்" என்று சொல்லிவிடுவாள்.

போகிறவரை வழியனுப்புவதில் நம் வீட்டாருக்கு நல்ல தேர்ச்சி உண்டு. பாஸ்போர்ட் இருக்கிறதா, டிக்கெட் இருக்கிறதா, ஊறுகாய் ஜாடியின் மூடி இறுகியிருக்கிறதா என்று பத்துத் தடவை கேட்பார்கள். ஒன்றை மட்டும் கேட்பதில்லை. அந்த நாட்டில் இருந்து வேலை செய்வதற்கான அனுமதி எந்தத் தேதி வரையில் என்பதே அது. "அப்பா எப்போது வருவார்?" என்று என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், "தீபாவளிக்கு" என்ற பதில் உடனே வரும். "அவருடைய அனுமதி எப்போது முடிகிறது?" என்றால் பிள்ளைக்கும் தெரியாது, வீட்டில் விசாரித்தால் தாயாருக்கும் தெரியாது.

பாஸ்போர்ட் நம்முடைய சர்க்கார் கொடுப்பது. "இவர் எங்கள் பிரஜை" என்று மட்டுமே அது சொல்லும். "இங்கே இருந்து வேலை செய்யலாம்" என்று சொல்லவேண்டியது அயல்நாட்டுச் சர்க்கார். அந்த வார்த்தைக்கு ஆயுள் கொஞ்சம். ஆயுள் முடியுமுன் புதுப்பிக்காவிட்டால், நேற்று வரையில் நாணயமான உழைப்பாளியாக இருந்தவர் இன்று சட்ட விரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுகிறார்.

இந்தத் தொல்லையை நம்மவர் நெடுநாளாக அறிவார்கள். இலங்கையில் 1948-ம் வருஷத்தில் குடியேற்றச் சட்டம் வந்த பிறகு, அங்கே கடை வைத்திருந்த இந்தியர்களும் அவர்களுடைய சிப்பந்திகளும் தற்காலிக வாச அனுமதி பெற்றே காலங்கழிக்க நேர்ந்தது. மலேசியாவில் 1968-ம் வருஷத்து வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அந்நாட்டுப் பிரஜைகள் அல்லாதார் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்றது. தோட்டங்களில் பல காலமாகப் பால் மரம் வெட்டியவர்களிலும் பலர் பிரஜா உரிமைக்கு மனுப் போடாமலே இருந்துவிட்டார்கள். காகிதத்தைப் பற்றிக் கவலைப்பட அவசியம் நேரும் என்று அவர்கள் எண்ணவில்லை. சட்டம் அமலுக்கு வந்தபோது பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சுடன் இந்தியா திரும்பினார்கள்.

இன்றைய சிங்கப்பூரில் வேலை அனுமதி பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கே கிடைக்கிறது. பாஸ்போர்ட்டின் காலம் அதற்கு முன்பே முடிவதானால் அனுமதியும் குறுகிப்போகும். புதுப்பிக்கும் மனுவைத் தொழிலாளி போட முடியாது, முதலாளிதான் போடவேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் முதலாளி 5,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஜாமீன் எழுதிக் கொடுக்கிறார். மாதந்தோறும் ஆள்வரியும் செலுத்துகிறார். ஆகவே சீட்டு இருப்பது தொழிலாளியின் பேரில். சாவி இருப்பதோ முதலாளியின் கையில்.

சாவி பிறர் கையில் இருக்கும்போது என்னென்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. "அனுமதியை நீட்டிக்க வேண்டுமானால் இவ்வளவு கொடு" என்று கேட்கும் மேஸ்திரிகள் உண்டு. ஊரில் நகையை அடகு வைத்து வந்தவர், கடன் பாதிகூடத் தீராத நிலையில், வாயைத் திறவாமல் கொடுத்துவிடுகிறார். இப்படி வாங்குவது அந்நாட்டில் பெருங்குற்றம். 30,000 வெள்ளி வரையில் அபராதமோ, இரண்டு வருஷம் வரையில் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆள்வரியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பதும் குற்றமே. அவருடைய பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளவும் உரிமை இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கட்டுமான வேலையில் இருப்பவர், அனுமதி முடிவதற்கு முந்திய 40-ம் நாளிலிருந்து 21-ம் நாள் வரையில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு முதலாளியிடம் மாறிக்கொள்ளலாம். இரண்டு வருஷத்தில் சுமார் இருபது நாள் சாவி தொழிலாளியின் கைக்கு வருகிறது! ஆனால் அனுமதி முடியும் தேதி தெரியாதவருக்கு இந்த இருபது நாளும் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அட்டையிலுள்ள கட்டக் குறியைக் கைப்பேசியில் அந்நாட்டுச் சர்க்காரின் செயலி கொண்டு பார்த்தால், அனுமதி உயிரோடு இருக்கிறதா என்பது நிமிஷத்தில் விளங்கிவிடும்.

சவூதி அரேபியாவில் இந்த அனுமதிக்கு 'இகாமா' என்று பெயர். அதற்கும் அதைப் புதுப்பிப்பதற்கும் ஆகும் கட்டணமும், தாமதித்தால் விழும் அபராதமும் முதலாளியையே சேர்ந்தவை என்று அந்நாட்டுத் தொழிற் சட்டத்தின் 40-ம் பிரிவு கூறுகிறது. சட்டம் நல்ல சட்டந்தான். ஆயினும் முதலாளி அசட்டையாக இருந்துவிட்டால், தெருவில் நிறுத்திச் சோதிக்கும் போலீஸாரிடம் அகப்படுகிறவர் முதலாளி அல்ல. 2021-ம் வருஷம் மார்ச் மாதத்தில் அமலான சீர்திருத்தத்துக்குப் பின், ஒரு வருஷம் வேலை பார்த்தவர் உரிய முன்னறிவிப்புக் கொடுத்து, பழைய முதலாளியின் இசைவின்றியே வேறிடம் மாற வழி ஏற்பட்டிருக்கிறது. வீட்டு வேலைக்காரர், காரோட்டி முதலியோருக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை.

இதில் ஊரில் இருக்கும் நாம் செய்யக்கூடியது என்ன? செலவில்லாத காரியங்கள் சில உண்டு. பாஸ்போர்ட், அனுமதி, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் புதுப்பிக்கும்படி எழுதுங்கள். அனுமதி முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து, மூன்று மாதம் முன்பே நினைவூட்டுங்கள். தங்கையின் கலியாணத்துக்கு நாள் வைக்குமுன்னும், புதுக் கடன் வாங்குமுன்னும் அந்தத் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்கப் பணம் கேட்கிறார்கள் என்று அவர் எழுதினால், "கொடுத்துத் தொலையுங்கள்" என்று பதில் எழுதாதீர்கள். சிங்கப்பூரில் மனிதவள அமைச்சும், 2009-ல் ஏற்பட்ட வெளிநாட்டு ஊழியர் நிலையமும் இப்படிப்பட்ட முறையீடுகளைக் கேட்கின்றன. எந்த நாடானாலும் நம் தூதரகம் உண்டு. சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கென்று தமிழக சர்க்காரின் இலாகாவும் இருக்கிறது.

அவர் அங்கே வெயிலில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்கிறார். தேதியை எண்ண அவருக்கு ஓய்வு இருக்குமோ, இராதோ. ஒரு முழம் துணி வாங்குவதற்குக்கூட ராகு காலம் பார்க்கிற நாம், அவருக்காக இந்த ஒரு தேதியைப் பார்த்து வைக்கக்கூடாதா?