தொடக்க நிரலுக்கு மாற்றும் இருக்கட்டும்

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆரல்வாய்மொழி போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்கள் கைக்கு விண்டோசுடன் பாஸ் லினக்சும் வந்து சேர்ந்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியன் என்ற உலகளாவிய லினக்ஸ் வெளியீட்டின் மேல் கட்டப்பட்டது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகளுக்கும் பாஸையே மாநில அரசு பரிந்துரைத்தது. டெபியனில் எடுக்கும் முடிவு இப்படித்தான் நம் ஊர் மேசை வரை வருகிறது. அங்கே உறுப்பினராகாத நம் மாணவருக்கு வாக்கில்லை. கணினியைத் தொடங்கி வைக்கும் நிரல் எது என்பதும் அப்படி வந்த முடிவுகளில் ஒன்று.

கணினியைப் போட்டதும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுந்து, முதலில் ஒரே ஒரு நிரலை இயக்குகிறது. அதற்கு இனிட் என்று பெயர். அதன் செயல் எண் 1. வைஃபை, அச்சுப்பொறி, நுழைவுத்திரை என்று மற்ற சேவைகளை எழுப்புவதும் நிறுத்துவதும் அதன் பொறுப்பு. டெபியனில் இந்த வேலையை நெடுங்காலம் சிஸ்-வி இனிட் செய்துவந்தது. 2010-இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் சிஸ்டம்டியைக் கொண்டுவந்தார்கள். அது சேவைகளை ஒரே நேரத்தில் எழுப்பும். நின்றுபோன சேவையை மறுபடி ஓட வைக்கும். 2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிரிந்து நிற்க, தலைவரின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி வென்றது. ஏற்காதவர்கள் பிரிந்துபோய், சிஸ்டம்டி இல்லாத தேவுவான் என்ற வெளியீட்டைத் தொடங்கினார்கள். பெரும்பாலோருக்குச் சிஸ்டம்டி நல்ல தேர்வுதான்; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு நல்லது என்பது, மற்ற வழிகளை அடைப்பதற்குக் காரணமாகாது.

அந்த மற்ற வழிக்கு ஆகும் செலவு எவ்வளவு? ஒரு சேவையை நிறுவும் மென்பொருள் பொதியைப் பிரித்துப் பார்த்தால் சிஸ்டம்டிக்கான கோப்பு சில வரிகளே இருக்கும்: எந்த நிரலை இயக்குவது, எதற்குப் பின் இயக்குவது, அவ்வளவுதான். சிஸ்-விக்கோ ஸ்டார்ட், ஸ்டாப், ரீஸ்டார்ட் ஒவ்வொன்றையும் கையால் எழுதிய நீண்ட ஷெல் ஸ்கிரிப்ட் வேண்டியிருந்தது. டெபியனே பிறகு ஒரு பொது உதவி நிரலைத் தந்தது. அதைப் பயன்படுத்தினால் சேவையின் பெயரும் நிரல் இருக்கும் இடமும் குறித்தாலே பல சேவைகளுக்குப் போதும். சிஸ்-விக்கான இந்தச் சிறு கோப்பை நம்பித்தான் தேவுவான் இருக்கிறது. லினக்ஸ் அல்லாத ஹர்டு கெர்னலில் டெபியனை ஓட்டுவோரும் இருக்கிறார்கள், அங்கே சிஸ்டம்டி ஓடவே ஓடாது.

பொதிகளைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். தாங்கள் பயன்படுத்தாத, சோதித்துப் பார்க்க வழியில்லாத ஸ்கிரிப்டை எப்படிச் சுமப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2019 டிசம்பரில் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து எடுத்த முடிவும் அதை ஒட்டியதே: சிஸ்டம்டியே முதன்மை, மாற்றுகளைத் தேடுவோருக்கு ஆதரவு உண்டு, ஆனால் எந்தத் திருத்தத்தைச் சேர்ப்பது என்பது பராமரிப்பவர் விருப்பம். எழுத ஆளில்லாதபோது அவரைக் கட்டாயப்படுத்த முடியாதுதான். ஆனால் எழுதி, சோதித்து, பிழை வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் முன்வந்த பிறகும் மறுப்பதில் அவருக்கு எந்த உழைப்பும் மிச்சமாவதில்லை. 2020-இல், பிணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் பொதியிலிருந்து பழைய ஸ்கிரிப்டை நீக்கியது தொழில்நுட்பக் குழு வரை வழக்காகப் போனது இதனால்தான். இப்படிக் கைவிடப்பட்ட ஸ்கிரிப்டுகளைத் திரட்டி வைக்கத் தனிப் பொதி ஒன்று வந்திருக்கிறது. அது பாதித் தீர்வு: நிரல் ஓரிடம், அதன் ஸ்கிரிப்ட் வேறிடம் என்றால், நிரல் மாறும்போது ஸ்கிரிப்ட் பின்தங்கிவிடும்.

வேண்டுமென்றால் தேவுவானுக்குப் போகலாமே என்பார்கள். தேவுவான் தன் பொதிகளில் பெரும்பகுதியை டெபியனிலிருந்து அப்படியே எடுக்கிறது. டெபியனில் ஒரு கோப்பை நீக்கினால், அதே வேலையைத் தேவுவானில் சிலர் மறுபடி செய்ய வேண்டும். ஆகவே சோதனைச் சுமையை மாற்று வேண்டுவோர் ஏற்பதும், கிடைக்கும் திருத்தத்தைப் பராமரிப்பவர் சேர்ப்பதுமே நேர்மையான பங்கீடு. அந்தச் சுமையில் ஒரு பங்கை நாகர்கோவில் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஏற்கலாம். மெய்நிகர் கணினியில் சிஸ்டம்டி இல்லாத டெபியனை நிறுவி, ஒரு சேவையைத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கிப் பார்த்து, கிடைத்த பிழைச்செய்தியையும் திருத்திய ஸ்கிரிப்டையும் டெபியனின் பிழைப்பதிவில் சேர்த்தால், பராமரிப்பவர் கேட்கும் ஆதாரம் அவர் கையில் இருக்கும்.